பின்கேட் சாட்சி

சசிகலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மாதவராஜ் வந்தார். காலை மணி பதினொன்று. மதுக்கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் அதற்குள்ளாகவே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். மாதவராஜ் பைக்கை நிறுத்திவிட்டு நேரே அவளுடைய கடைக்குள் நுழைந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது அவர் வழக்கமில்லை. எதுவானாலும் பைக்கில் இருந்தபடியே சொல்லிவிட்டுப் போகிறவர் அவர்.

"நாளைக்கு அளக்க வர்றாங்க. தெரியுமா?"

"கேள்விப்பட்டேங்கண்ணா."

"தாசில்தாரே வர்றாரு. சுத்துமுத்தும் விசாரிப்பாங்க. உன்கிட்டயும் கேப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பின்கேட்டு பூட்டித்தான் கெடக்குது, வருசக்கணக்கா யாரும் அதுல போறதில்லன்னு சொல்லிரு. வேற ஒண்ணும் பேச வேணாம்."

சசிகலாவின் கத்தி நின்றது. "போன வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ளைங்க அதுலதானுங்களே…"

"நான் உன்னக் கேக்கல. அவங்க கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிட்டிருக்கேன்."

எழுந்தவர் தலையை நிமிர்த்தித் தகரக் கூரையைப் பார்த்தார். "மழைக்கு ஒழுகுதுன்னு முனிராஜ் சொன்னான். அடுத்த வாரம் புது ஷீட் போட்டுத் தர்றேன்." பிறகு அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "கடைன்னா மேல கூரை இருக்கணும்ல?"

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகும் சசிகலா அடுத்த வெங்காயத்தை எடுக்கவில்லை.

மதுக்கடை இருக்கும் கட்டடம் மாதவராஜுடையது. அதை ஒட்டிய பாரை ஏலத்தில் எடுத்து நடத்துகிறவரும் அவர்தான். சசிகலாவின் வறுவல் கடை நிற்கும் பத்தடி மண்ணும் அவருடையதே. அவர் நினைத்தால் அவள் கடை இருக்கும். நினைக்காவிட்டால் இருக்காது.

சசிகலா பொம்மிடியில் பிறந்தவள். பரோட்டா மாஸ்டரான முனிராஜைக் கட்டிக்கொண்டு நல்லம்பள்ளிப் பக்கம் வந்தாள். கல்யாணமான புதிதில் நாலுவழிச் சாலையோரம், அப்போது அங்கே இருந்த மதுக்கடைக்குப் பக்கத்தில், இருவரும் ஒரு தள்ளுவண்டி போட்டார்கள். அவன் பரோட்டா வீசுவான், அவள் குடல் வறுவலும் முட்டையும் பார்த்துக்கொள்வாள். லாரிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், கல்குவாரி ஆட்கள் என்று சாயங்காலத்திலிருந்து அடுப்பு அணையாது. பிறகு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மதுக்கடை இருக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. ஒரே நாளில் கடையை மூடினார்கள். தள்ளுவண்டி ஒரு மாதம் சும்மா நின்றது. மூடிய கடை சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புங்கங்கொட்டாய் ஊருக்குள் பள்ளிக்கூடத் தெருவில் திறந்தபோது, அதன் பின்னாலேயே இவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. மதுக்கடையைப் பற்றி எந்த உத்தரவு வந்தாலும் அது முதலில் சசிகலாவின் அடுப்பில்தான் தெரியும். பத்து மணிக்கு மூட வேண்டும் என்று போலீஸ் கண்டிப்பாக நிற்கிற வாரத்தில் போட்ட மாவு மிஞ்சும். சாப்பாட்டுக் கடைக்குள் உட்கார்ந்து குடிக்க விட்டால் கடைக்காரர் மேல் வழக்கு என்றார்கள். அவள் 'இங்கே மது அருந்தக் கூடாது' என்று அட்டை எழுதி மாட்டினாள். அட்டைக்கு அடியிலேயே ஒருவன் குவார்ட்டரைத் திறந்தபோது, ஜல்லிக்கரண்டியோடு போய் நின்று அவனை எழுப்பி அனுப்பினாள். கொரோனாவில் எல்லாமே மூடியிருந்த மாதங்களில் நெல்லி ஊறுகாய் போட்டு வீடு வீடாக விற்றாள். முனிராஜ் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் கல்யாணம் காட்சிக்குப் போனால் இவளைப் பார்த்து, 'ஒயின்ஷாப்புக்காரி' என்று பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள். அவள் கேட்காத மாதிரி பந்தியில் உட்காருவாள்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கேட். முன்கேட் தெற்கே, பஸ் போகிற ரோட்டில். பின்கேட் இந்தத் தெருவில், மதுக்கடைக்கு நேர் எதிர்வரிசையில் கொஞ்சம் தள்ளி. ஏரிக்கரை வீடுகளிலிருந்து வரும் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்குப் பின்கேட்தான் வழி. முன்கேட் வழியாகப் போனால் ஊரையே சுற்ற வேண்டும். காலையில் அவர்கள் வரும்போது தெரு காலியாக இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும்போது இருக்காது. அந்தப் பத்து நிமிடம் சசிகலா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள். யாராவது தள்ளாடிக்கொண்டு நடுத்தெருவில் நின்றால், "ஓரமாப் போங்கண்ணா, பிள்ளைங்க வருது" என்று சத்தம் போடுவாள். அதை யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை.

மூன்று வாரம் முன்பு அப்படி நின்ற ஒரு சாயங்காலம், மூன்றாம் வகுப்பு படிக்கும் மணிமேகலை உடைந்த பாட்டில் மேல் கால் வைத்துவிட்டாள். செருப்பைக் கிழித்துக்கொண்டு கண்ணாடி உள்ளே இறங்கியது. அந்தச் சின்னக் காலிலிருந்து ரத்தம் கொட்டியது. சசிகலா தன் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முனிராஜின் பைக்கில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறு தையல். ஊசி போடும்போது குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது அன்று இரவு முழுக்க அவள் காதில் கேட்டது.

மதுக்கடையை அகற்றச் சொல்லித் தலைமை ஆசிரியை எழிலரசி மனு எழுதியது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கோ கோயிலுக்கோ நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்பது சட்டம். முன்கேட்டிலிருந்து அளந்தால் நூறு மீட்டரைத் தாண்டிவிடும், எட்டு வருடமாக அப்படித்தான் கணக்குக் காட்டியிருந்தார்கள். பின்கேட்டிலிருந்து அளந்தால் நூறு வராது என்பது கண்ணாலேயே தெரியும். ஆனால் ஆட்கள் வழக்கமாக நடக்கிற வாசலைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எல்லாமே அந்தப் பின்கேட் புழக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

மனுவின் நகல் ஊரில் கைமாறிச் சசிகலாவிடமும் வந்தது. 'குடிப்பவர்களுக்குத் துணைபோகும் வறுவல் கடையையும் அகற்ற வேண்டும்' என்று அதில் கடைசி வரி இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் யார் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மாதவராஜ் வந்து சொன்னதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எச்சில் இலை கொட்டப் போனவள், பாரில் வேலை செய்யும் இரண்டு பேர் பின்கேட்டில் சங்கிலி சுற்றுவதைப் பார்த்தாள். துருப்பிடித்த பழைய பூட்டை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்திருந்தார்கள். பூட்டிவிட்டு, வெட்டிக் காய்ந்த கருவேல முள்ளை வாரி முன்னால் குவித்தார்கள். யார் பார்த்தாலும் பல வருடமாகத் திறக்காத கேட் மாதிரியே இருந்தது. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் அதன் முன் வந்து நின்று பார்த்துவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அளக்க வருகிற நாளன்று விடிந்ததும் முனிராஜ் மைதா பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தான்.

"அந்த டீச்சரு உன்னப் பத்தி என்ன எழுதியிருக்குது, பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ போய் உண்மையச் சொல்லி, கடைய எடுத்தாங்கன்னு வையி, உன்ன வந்து தோள்ல தூக்கி வெச்சுக்குவாங்களா? நம்மளயும் சேத்துத்தான் வெரட்டுவாங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

முனிராஜ் மாவை அடித்துத் திருப்பினான். அவன் கெட்டவன் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் தள்ளுவண்டியைப் பிடிக்கத் தெம்பில்லாதவன், அவ்வளவுதான்.

"பொய் வேணாம் சசி. தெரியாதுன்னு சொல்லு. நான் அடுப்பாண்ட நிக்கறவ, எனக்கென்ன தெரியும்னு சொல்லு. அதுல யாருக்கும் பாவமில்ல."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. மனதுக்குள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ., நாடாவோடு சர்வேயர். பின்னாலேயே பாதி ஊர் திரண்டுவிட்டது. ஒருபுறம் எழிலரசி டீச்சரும் தாய்மார்களும். எதிர்ப்புறம் மாதவராஜும் அவருடைய ஆட்களும். நடுவில் தெரு. பள்ளிச் சுவருக்கு உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளின் குரல் நின்று நின்று கேட்டது.

முதலில் முன்கேட்டிலிருந்து அளந்தார்கள். நாடா ரோட்டோரமாக வளைந்து, தெருவுக்குள் திரும்பி, மதுக்கடை வாசலில் வந்து முடிந்தது. "நூத்தித் தொண்ணூத்திரெண்டு" என்றார் சர்வேயர். பிறகு பின்கேட்டுக்குப் போனார்கள். முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றே நாடாவைப் பிடித்தார்கள். "அறுபத்து நாலு."

தாசில்தார் முள்ளை விலக்கச் சொல்லி, பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். துரு விரலில் ஒட்டியது.

"இது தினமும் திறக்கிற கேட்டா டீச்சர்?"

"ஆமா சார். திங்கட்கிழமை காலையில வந்து பார்த்தா இப்படி இருந்தது. நீங்க பார்க்கணும்னுதான் தொடாம விட்டு வெச்சேன்."

"சார், பாட்டி காலத்துப் பூட்டு அது" என்று மாதவராஜ் சிரித்தார். "நேத்துப் போட்ட பூட்டு இப்படித் துருப் பிடிக்குமா, நீங்களே சொல்லுங்க."

தாய்மார்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இந்தப் பக்கமும் கத்தினார்கள். தாசில்தார் கையை உயர்த்தினார். "மனு போட்டவங்க சொல்றதையும் நான் எழுதல, கடைக்காரங்க சொல்றதையும் எழுதல. ரெண்டு பேரையும் சாராத ஆளு யாரு இங்க?" சுற்றிலும் பார்த்தார். கண் வறுவல் கடையில் வந்து நின்றது.

அவர் தெருவைக் கடந்து வரும்போது சசிகலா கரண்டியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கூட்டமும் அவர் பின்னால் நகர்ந்து வந்தது. முனிராஜ் பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கடை எத்தனை வருசமா இருக்கு?"

"எட்டு வருசமுங்க சார்."

"அந்தப் பின்கேட்டு வழியாப் பிள்ளைங்க போறதப் பாத்திருக்கீங்களா?"

மாதவராஜ் கூரையை நிமிர்ந்து பார்த்தார். எழிலரசி டீச்சர் இவளைப் பார்க்கவே இல்லை. இவளிடமிருந்து என்ன வரும் என்று தெரிந்த மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடுப்பாண்ட நிக்கறவ சார். எனக்கொண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எழுதிக்க" என்றார் தாசில்தார். ஆர்.ஐ. எழுதினார். முனிராஜ் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. முடிந்துவிட்டது. தாசில்தார் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"அப்ப அந்தக் குழந்தைக்கு எப்படி சார் அடிபட்டது?" எழிலரசி டீச்சரின் குரல் உடைந்தது. "இந்தக் கேட்டுக்கு முன்னாலதானே? ஆறு தையல் சார்."

"அதுவா?" என்றார் மாதவராஜ். "அது காலிப் பாட்டில் பொறுக்க வந்துச்சு சார். பாட்டிலத் திருப்பிக் குடுத்தா காசு தர்றாங்கல்ல? பெத்தவங்களே அனுப்பி வெக்கறாங்க. வந்த எடத்துல கால வெட்டிக்கிச்சு. அதுக்குக் கடை என்ன பண்ணும்?"

மணிமேகலையின் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். மாதவராஜின் பூந்தோட்டத்தில் களை எடுக்கிறவள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அது பாட்டில் பொறுக்க வரல."

சொன்னது தான்தான் என்று சசிகலாவுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. தாசில்தார் நின்றார்.

"பை மாட்டிக்கிட்டு வந்துச்சுங்க சார். பள்ளிக்கூடம் விட்டு, அந்தக் கேட்டு வழியாத்தான் வந்துச்சு. நான்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைய அது விடவே இல்ல. ஊசி போடறப்பகூட முதுகுல பை இருந்துச்சு."

"சசிகலா" என்றார் மாதவராஜ். குரலை உயர்த்தவில்லை. பெயரை மட்டும்தான் சொன்னார்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பத்தானேம்மா தெரியாதுன்னீங்க?"

"பயந்துக்கிட்டுச் சொன்னேனுங்க."

"முதல்ல தெரியாதுன்னாங்க, அப்புறம் மாத்திச் சொன்னாங்கன்னுதான் எழுதுவோம். பரவால்லயா?"

"எழுதுங்க சார்." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியதால் நிறுத்தாமல் சொன்னாள். "தெனமும் நாலு மணிக்கு அம்பது பிள்ளைங்க அதுல வருது. நான் வெளிய நின்னு பாத்துட்டிருப்பேன். பூட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போட்டது. முள்ளும் அப்பப் போட்டதுதான்."

"போட்டது யாரு?"

சசிகலா மாதவராஜைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஏதோ மனதுக்குள் முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாரு ஆளுங்க ரெண்டு பேரு" என்றாள்.

ஆர்.ஐ. எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடும்போது, எண்ணெய்க் கையால் ஓரம் கறையாகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். "இருக்கட்டும்" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு பேர் ஏணியோடு வந்தார்கள். "புது ஷீட் போடச் சொன்னாரு" என்றார்கள். பழைய தகரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதுத் தகரம் வரவில்லை. அடுத்த நாள் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாள் இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். முனிராஜ் பரோட்டாக் கல்லைத் தனியாகவே உருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டான். மூன்றாம் நாள், "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். திட்டுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது.

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத் தெருக் கடை மூடப்பட்டது. பார் அதோடு போயிற்று. தாய்மார்கள் கேட்டின் முன்னால் பட்டாசு வெடித்தார்கள். வெடிச்சத்தத்தைச் சசிகலா வீட்டுக்குள் இருந்து கேட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கடை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, புறம்போக்குக் காட்டோரம் போய்த் திறந்தது. அங்கே மாதவராஜின் மச்சான் வறுவல் கடை போட்டான்.

முனிராஜ் ஓசூருக்கு ஒரு மெஸ் வேலைக்குப் போனான். சசிகலா பஸ் நிறுத்தத்தில் மேசை போட்டு இட்லி விற்க ஆரம்பித்தாள். கம்பெனி வேன் ஏறுகிற பெண்களும் தறிக்குப் போகிறவர்களும்தான் வாடிக்கை. இருபது வருடமாக நள்ளிரவில் படுத்துப் பழகிய உடம்புக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுவது பெரும்பாடாக இருந்தது. முதல் மாதம் இட்லி கல்லாக வந்தது. காரவறுவல் தின்கிறவர்களின் நாக்குத் தெரிந்த அளவுக்கு, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறவர்களின் நாக்கு அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது.

ஒருநாள் எழிலரசி டீச்சர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார்.

"மனுவுல உங்க கடையையும் சேர்த்து எழுதினது தப்புங்க. விசாரிச்சுட்டு எழுதியிருக்கணும்."

"எழுதுனது எழுதுனதுதான் டீச்சர்" என்றாள் சசிகலா. குரலில் சூடில்லை. "உங்களுக்கு எத்தன இட்லி?"

அது மழைக்காலம். கோவிந்தன் என்று ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, சசிகலாவின் பழைய வாடிக்கைக்காரர். பள்ளிக்கூடத் தெருவில் கடை இருந்தபோது தினமும் தள்ளாடியபடியே ஆனாலும் நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். புதுக் கடைக்கு நாலுவழிச் சாலையைக் கடந்து போய்விட்டு, திரும்பி வரும்போது ஒரு வேன் அவரைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

அவர் மனைவி தீர்த்தம்மாள் மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். வேனுக்கு நின்றிருந்த பெண்கள் எல்லோரும் கேட்கும்படி கத்தினாள்.

"பக்கத்துல இருந்தப்ப உருண்டாவது வூடு வந்து சேந்தாரு! நீ வாயத் தொறந்ததுல இப்ப கெடையில கெடக்கறாரு. உனக்கு நல்லாருக்குதா? நீ நல்லாருப்பியா?"

சசிகலா கையில் இட்லித் தட்டோடு நின்றாள். சொல்வதற்கு அவளிடம் பதில் இருக்கத்தான் செய்தது. அந்தக் குழந்தையின் காலைச் சொல்லலாம். நான் குடிக்கச் சொல்லவில்லை என்று சொல்லலாம். எதுவும் தீர்த்தம்மாளின் அந்த முகத்துக்குச் சொல்லக்கூடியதாக இல்லை. வேன் வந்து பெண்கள் ஏறிப்போன பிறகும் தீர்த்தம்மாள் நின்று அழுதாள். அன்றைக்கு மிஞ்சிய இட்லியை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் உதிர்த்து, தின்ன மனமில்லாமல் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள். ஓசூரிலிருந்து முனிராஜ் போன் செய்தபோது, "நான் செஞ்சது தப்பாங்க?" என்று கேட்டாள். பின்னணியில் மெஸ் பாத்திரங்கள் உருண்டன. "தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல, சசி" என்றான் கடைசியில்.

பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் பரோட்டாக் கல்லை ஊன்றினான். காலையில் அவளுடைய இட்லி, சாயங்காலம் அவனுடைய பரோட்டா. எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதற்கு மேல் அந்த வழியில் வர ஆளில்லை. பழைய கடையில் ஒரு சனிக்கிழமைக்குப் போன மாவு இங்கே ஒரு வாரத்துக்கு வருகிறது.

மாசி மாதம் ஒரு காலையில், கூட்டம் கலைந்த நேரம் பார்த்துத் தீர்த்தம்மாள் வந்தாள். மேசைக்கு நாலடி தள்ளி நின்றாள். சசிகலாவின் கை தானாகவே நின்றது.

"ஆறு இட்லி குடு" என்றாள் தீர்த்தம்மாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அவருக்குத்தான்."

சசிகலா இலையை விரித்து, சூடு பார்த்து, ஆறையும் எடுத்து வைத்தாள். நூலைச் சுற்றும்போது கேட்டாள்: "நடக்கறாரா?"

"செவுத்தப் புடிச்சிக்கிட்டு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தீர்த்தம்மாள் ரோட்டைத் தாண்டி நடந்தாள். இட்லிப் பானையில் அடுத்த ஈடு வெந்துகொண்டிருந்தது. சசிகலா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று மறுபடி மூடினாள்.